தரையில் இருப்பவர்கள்

லகோன் என்று தாய்லாந்துக்காரர்கள் சொல்லும் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்க, வசனம் புரிய வேண்டுமென்பதில்லை. யார் மேல், யார் கீழ் என்பதை உடம்புகளே சொல்லிவிடும்.

2018-இல் சானல் 3 ஒளிபரப்பிய 'பூப்பே சன்னிவாத்'. கதை நடப்பது பதினேழாம் நூற்றாண்டில், நாராய் மன்னர் ஆண்ட அயுத்தயாவில். எஜமானி காரகேத் உயரத்தில் அமர்ந்திருக்கிறாள். 'பின்', 'யேம்' என்ற பணிப்பெண்கள் இருவரும் தரையில். கால்களை ஒருபக்கமாக மடித்து, பாதம் அவள் பக்கம் நீளாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் தலையைவிடத் தங்கள் தலை உயர்ந்துவிடக் கூடாது என்ற கவனம் இடுப்பு வளைவிலேயே தெரிகிறது.

காரகேத் கொடுமைக்காரி. அவள் உடலுக்குள் இக்காலத்துப் பெண்ணான கேத்சுரங்கின் உயிர் புகுந்துவிடுகிறது. நடிகை ராணி கேம்பென்தான் இருவராகவும் நடிக்கிறார். புதியவள் சிரிக்கிறாள், அன்பாகப் பேசுகிறாள். பணிப்பெண்களோ மிரளுகிறார்கள். நல்ல வார்த்தையைக் கேட்டதும் ஒருத்தி மற்றவளைப் பார்க்கிறாள், தோள்கள் குறுகுகின்றன, கும்பிட்ட கை இறங்க மறுக்கிறது. காரகேத் முன்பு எவ்வளவு அடித்திருப்பாள் என்பதை அந்தத் தோள்களில் படித்துவிடலாம். ராணி கேம்பென் ஆளை மாற்றிக் காட்டுகிறார். மாறாத பழைய பயத்தைக் காட்டுபவர்கள் இந்த இருவரும்தான். நாள் போகப்போக முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறது, எஜமானியிடம் முனகலும் செல்லக் கோபமும் எட்டிப்பார்க்கின்றன. அந்த நிமிர்தலை இவ்வளவு பொறுமையாக நடித்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

மன்னர் முன் தவழ்ந்து விழுந்து வணங்கும் வழக்கத்தை 1873-இல் சூலாலங்கோன் மன்னர் நிறுத்தினார். ஆனாலும் இன்றைய பாங்காக் பங்களாவில் நடக்கும் தொடர்களில்கூட, சோபாவில் முதலாளியம்மா, அவர் காலடியில் தரையில் வேலைக்காரி. பெரியவரைக் கடக்கும்போது முதுகு தானாகக் குனிகிறது. வை என்னும் கும்பிடுக்கும் அளவு உண்டு. சமமானவருக்கு நெஞ்சருகே, மூத்தவருக்கு மூக்கு நுனியில், பிக்குவுக்குப் புருவத்தில். விரல் ஓரங்குலம் ஏறி இறங்கினால் உறவே மாறிவிடும். நல்ல நடிகர் அந்த ஓரங்குலத்தை வைத்தே விளையாடுகிறார். இளையவர் கும்பிட்டு நிற்க, பெரிய இடத்து மனுஷி கண்டுகொள்ளாமல் நகர்வாள். கன்னத்தில் விழும் அறையைவிட அது வலிக்கிறது.

2012-இல் வந்த 'ரேங் ஙாவ்' இன்னொரு வகை. முத்தா, முனின் என்ற இரட்டையர் இருவராகவும் நடிப்பவர் ஜேனி தியென்போசுவான்தான். அலுவலக மேலதிகாரியிடம் ஏமாந்து, அவன் மனைவியால் நாலுபேர் முன் அவமானப்பட்டு, உயிரை மாய்த்துக்கொள்கிறாள் முத்தா. பழிவாங்க முனின் அதே அலுவலகத்துக்குள் முத்தாவாகவே வருகிறாள். முகம் ஒன்றுதான். ஆனால் முத்தாவின் கண்கள் தரையைத் தேடும், முனினின் கண்கள் எதிராளியைவிட்டு அகலாது. அந்தப் பார்வையைச் சந்தித்ததும் சுற்றி இருப்பவர்களின் நிற்கும் விதமே மாறுகிறது. அவர்கள் பின்வாங்கும் அந்த அரையடிதான் முனினைப் பெரியவளாக்குகிறது.

அதிகாரத்தை நடித்துக்காட்டுபவர் அதிகாரி வேடக்காரர் அல்லர், எதிரே பயப்படுபவரே என்று உறுதியாகச் சொல்வேன். அடுத்தமுறை லகோன் பார்க்கும்போது எஜமானியின் முகத்தைச் சற்று விட்டுவிட்டுத் தரையில் இருப்பவரைப் பாருங்கள்.