வளைவு காட்டாத முறுக்கு

எம்.எஸ்சி. படித்தபோது கண்ணமங்கலத்திலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போய் வருவேன். ஃபைபர் பண்டில் பாடம் நடந்த நாட்களில் நான் கணிதவியலாளர் செர்னின் கட்சி. 1946-இல் அவர் காட்டிய வழி எனக்குப் போதுமானதாக இருந்தது: வளைவை எடு, தொகையிடு, எண் வந்துவிடும். மற்ற வழிகளெல்லாம் கணக்குப் போடச் சோம்பல்படுபவர்களின் பேச்சு என்று ஓர் இளக்காரம்.

விஷயம் பெரிய மர்மமில்லை. ஒரு வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கோட்டையோ தளத்தையோ நட்டு, அடுத்ததோடு சீராகச் சேர்த்துக்கொண்டே போவதுதான். கிட்டத்தில் முறுக்கு தெரியாது. முழுக்கச் சுற்றி வந்தால்தான் தெரியும். அதை எண்ணாக்குவதில்தான் கட்சிகள்.

உதாரணத்துக்கு, உருண்டையின் மேல் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்றடித்தால் இரு துருவத்திலும் அது ஓய்ந்தாக வேண்டும். ஓய்விடத்துக்கு 1 வீதம் 2. தொடுதளங்களை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரித்து நடுக்கோட்டில் ஒட்டினால், ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை திருப்பவேண்டி வரும். மொத்த வளைவு 4 பை. 2 பையால் வகுத்தால் அதே 2. எல்லாம் ஒன்றுதானே, சுலபமானதை வைத்துக்கொள்வோம் என்றிருந்தேன்.

அந்த நினைப்பு வீட்டில்தான் உடைந்தது. அக்கா ரவிக்கை தைப்பவள். ஆரணிப் பட்டில் வெட்டிய கரைத் துண்டு ஒன்றை எடுத்து, அரைத் திருப்பு திருப்பி, முனைகளை ஊசியால் இணைத்தேன். "ஜரிகைடா அது, வீணாக்காதே" என்றாள். ஜரிகைமேல் விரல் வைத்து ஒரு சுற்று வந்தால், நூல் பிசிறும் பின்பக்கத்தில் நிற்கிறது விரல். வட்டத்தின் மேல் நட்ட சிறு கோடுகள்தான் இந்தத் துண்டு. வளைவுக்கு இரண்டு திசை வேண்டும், வட்டத்துக்கோ ஒன்றுதான். ஆகவே செர்ன் வழியில் எப்போதும் சுழி. முறுக்கோ கையில் இருக்கிறது! 1935 வாக்கில் ஸ்டீஃபலும் விட்னியும் தனித்தனியே கண்ட வழி இதைப் பிடித்துவிடும். அது தரும் விடை 0 அல்லது 1, அவ்வளவே.

வளைவுக் கட்சிக்கும் டோபாலஜிக் கட்சிக்கும் பாலம் போட்டவர்களில் ஒருவர் எங்கள் பழைய வட ஆற்காட்டுக்காரர், 1932-இல் தண்டரையில் பிறந்த எம்.எஸ். நரசிம்மன். எந்தப் பண்டிலும் ஒரு மூலப் பண்டிலிலிருந்து இறங்கி வருவதே என்பது டோபாலஜிக்காரர்களின் பார்வை. வளைவுக்கு ஆதாரமான கனெக்ஷனும் அப்படியே இறங்கி வரும் என்று எஸ். ரமணனோடு சேர்ந்து 1961-இல் அவர் நிறுவினார். செர்னும் சைமன்ஸும் 1974-இல் அதன்மேல் கட்டினார்கள். ஊர்ப் பெருமைக்காகத்தான் நரசிம்மனின் கட்டுரையை எடுத்தேன். படித்து முடிக்க வெகுநாளாயிற்று.

எண் வேண்டுமென்றால் இன்றும் செர்னிடம்தான் போகிறேன். ஒட்டும் வழியில் எதுவும் தப்பாது, ஆனால் பெரிய வெளிகளில் கை ஓய்ந்துவிடும். சுழி என்று விடை வந்தால் மட்டும் ஒட்டின இடத்தை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.