கோபுரக்கரையும் ஒரு வழுவும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் இல்லத்தில் மூன்று குறிப்பேடுகள் உள்ளன. மறைந்த பெரியவர் ஒருவர் தாம் நெய்த புடவைகளின் விவரங்களை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தவை. உடல் என்ன நிறம், கரை என்ன வகை, கோர்வையா இல்லையா, சரிகை எவ்வளவு என்று மை மங்கிய எழுத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். நண்பர்கள் மூவர் சேர்ந்து அவற்றைக் கணினியில் ஏற்ற முனைந்தோம். முதல் ஏட்டை 2003இல் திஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். பிறகு வேலை, திருமணம், வெளியூர் என்று பணி நின்றுபோயிற்று. எஞ்சிய இரண்டையும் பல ஆண்டுகள் கழித்து ஒருங்குறியில் முடித்து, பழையதையும் ஒரு மாற்றியின் வழியே ஒருங்குறிக்குக் கொண்டுவந்தோம். இதற்கென்றே சிறியதோர் உரைத்தொகுப்பானும் எழுதிக்கொண்டோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒருநாள் பெரியவரின் மகன் கேட்டார்: "அப்பா மொத்தம் எத்தனை கோபுரக்கரை நெய்திருக்கிறார், தம்பி?" தேடினோம். ஆறு என்றது தொகுப்பான். அவர் முகம் வாடியது. "பதினைந்துக்குக் குறையாது என்று அப்பா சொல்வாரே" என்றார். வயதானவர்களின் நினைவு சற்றுக் கூட்டித்தான் சொல்லும் என்று நாங்கள் ஆறுதல் கூறினோம். அடுத்த வாரம் ஏடுகளைக் கண்ணால் படித்து எண்ணியபோது பதினைந்து இருந்தன. இறந்துபோன ஒருவரைப் பொய்யர் ஆக்கியது எங்கள் தொகுப்பான். அதை நம்பியவர்கள் நாங்கள்.

விடுபட்ட ஒன்பதும் முதல் ஏட்டில் இருந்தன. திரையில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 'கோ'வுக்குப் பின் சுட்டியை வைத்து ஒருமுறை பின்னழித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. புதிய பக்கங்களில் 'க' மிஞ்சியது. பழைய பக்கங்களில் 'கே' மிஞ்சியது.

காரணம் இதுதான். திஸ்கியில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும்: முதலில் இரட்டைக்கொம்பு, அடுத்து ககரம், கடைசியில் கால். ஒருங்குறியிலோ மெய்க்குப் பின்னரே உயிர்க்குறி வரும். ஓகாரக் குறிக்குத் தனிக் குறியெண்ணும் உண்டு. நாங்கள் பயன்படுத்திய மாற்றி கொம்பைப் பின்னால் நகர்த்தியதோடு நின்றுவிட்டது. கொம்பையும் காலையும் ஒன்றாக்கவில்லை. எனவே ஒரே 'கோ' ஓரிடத்தில் இரண்டு குறியெண்கள், மற்றோரிடத்தில் மூன்று. இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் தெளிவாகச் சொல்கிறது. அதைக் கேட்காதது எங்கள் நிரல். உயிர்மெய்யை ஓர் எழுத்து என்று பள்ளியில் படித்த நாங்கள், குறியெண்ணையே எழுத்து என்று கொண்டு நிரல் எழுதியிருந்தோம்.

சரி, எங்கே திருத்துவது? இதில் மூவரும் மூன்று பக்கம் நின்றோம். கோப்பில் ஒருமுறை மாற்றிவிட்டால் போதும் என்றார் ஒருவர். நாளை வேறெங்கிருந்தோ ஒரு பத்தியை ஒட்டினால் வழு திரும்பி வருமே என்றார் அடுத்தவர். தேடும் இடத்தில் மட்டும் இரண்டையும் ஒன்றாக்கி ஒப்பிடலாம் என்பது அவர் கட்சி. அதைத்தான் முதலில் செய்தோம். எண்ணிக்கை பதினைந்தாயிற்று. ஆனால் 'தேடி மாற்று' கட்டளை பக்கத்து எழுத்தைக் கடித்துத் துப்பியது. ஒன்றாக்கிய வரியில் கண்ட இடமும் மூல வரியின் இடமும் வேறு அல்லவா? அகரவரிசையும் பிறழ்ந்தே நின்றது. ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனியே ஒட்டுப் போடவேண்டும் போலிருந்தது.

இதைப் பெரியவரின் மகனிடம் சொல்ல நேர்ந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு பூவில் வந்த பிழையா, எல்லாப் பூவிலும் வருகிற பிழையா?" என்றார். பாவில் ஓர் இழை அறுந்தால் அங்கேயே முடிச்சுப் போட்டு நெய்யலாம். ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை கூடுதலாக விழுந்திருந்தால், தூக்கக்கூடாத இழையை அது ஒவ்வொரு சுற்றிலும் தூக்கும். துணியில் ஊசி வைத்துச் சரிசெய்து மாளாது, அட்டையைத்தான் மாற்றவேண்டும்.

எனவே வாசலில் திருத்தினோம். கோப்பைத் திறக்கும்போதும், ஒட்டும்போதும், விசை அழுத்தும்போதும் உரை எதுவாயினும் ஒரே வடிவுக்கு மாற்றப்பட்டே உள்ளே வரும். பைத்தானில் அதற்கான ஆயத்தச் செயல்கூறு முன்பே இருக்கிறது. எங்களுக்குச் சில வரிகளே பிடித்தன. மூன்றாமவர் ஓர் ஐயம் எழுப்பினார்: யாரும் கைவைக்காத கோப்பைக் கேட்காமல் மாற்றிச் சேமிப்பது முறையா? முறையன்று என்றே முடிவு செய்தோம். எத்தனை இடங்கள் ஒன்றாக்கப்பட்டன என்று தொகுப்பான் அடிவரியில் காட்டும், சேமிக்குமுன் கேட்கும்.

இத்தோடு எல்லாம் தீர்ந்துவிட்டதாக எண்ணவேண்டாம். ஸ்ரீ இல்லாத கடைப்பலகை எங்கள் ஊரில் அரிது. அந்த ஸ்ரீயை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் ஒருங்குறி 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் தரம் அவற்றை ஒன்றென்று கொள்வதில்லை. ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் இட்ட இடங்களும் அப்படியே. அங்கெல்லாம் தொகுப்பான் ஐயக்குறி மட்டும் காட்டுகிறது. தீர்ப்பு படிப்பவருடையது. இயந்திரம் தானாகத் திருத்தக்கூடாத இடமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள எங்களுக்கு நாளாயிற்று.

திருத்தம் முடிந்ததும் பிள்ளையார்பாளையம் சென்று, அவர் கண்ணெதிரே மீண்டும் தேடினோம். பதினைந்து. மன்னிப்புக் கேட்டோம். அவர் திரையைப் பார்க்கவில்லை. ஏட்டைத் திறந்து, அப்பாவின் கையெழுத்தில் ஒவ்வொன்றாக விரல்வைத்து எண்ணினார். பதினைந்தாவதில் விரல் சற்று நின்றது. "சரியாகத்தான் எழுதியிருக்கிறார்" என்றார்.