சைக்கிள் மிதித்தவனின் பிழை

கடந்த மாரிகாலத்தில் ரொறொன்ரோவில் அக்கா வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அந்த வீட்டின் நிலக்கீழ் அறையில் மருமகன் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறான். கூடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, சுவரில் தொங்கும் இரண்டு தடித்த போர்வைகள், ஒரு கிற்றார். அவ்வளவுதான்.

அத்தானின் முதலாம் ஆண்டு நினைவுநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரது குரல் எஞ்சியிருப்பது ஒரேயொரு கசற் நாடாவில். 1992 இல் யாழ்ப்பாணத்தில், கைக்குழந்தையாக இருந்த இவனுக்காக அவரே கட்டிப் பாடிய தாலாட்டு அது. அவருடைய கிற்றாருக்குத் தந்திகள் அறுந்து, மாற்றுவதற்கு வேறு கிடைக்காத காலம். தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே பாடினார். 1995 ஒக்ரோபர் 30 இரவு இடம்பெயர்ந்தபோது கிற்றார் வீட்டோடு போயிற்று. நாடா மட்டும் அக்காவின் கைப்பையில் வந்தது. அன்று இல்லாத கிற்றாரை இன்று சேர்த்துவிட வேண்டும் என்பது மகனின் ஆசை.

அவன் வேலை செய்யும் முறையை ஒரு மூலையில் அமர்ந்து பார்த்தேன். புதுத் தந்தி பூட்டுகிறான். ஒவ்வொரு முறை வாசிக்குமுன்னும் சுருதி பார்க்கிறான். ஒலிவாங்கி கிற்றாரின் பன்னிரண்டாவது கட்டுக்கு நேரே ஒரு சாண் தள்ளி நிற்கிறது. ஒரே பகுதியை இருமுறை வாசித்து, ஒன்றை இடக்காதுக்கும் மற்றதை வலக்காதுக்கும் வைக்கிறான். "ஒன்றையே பிரதி எடுத்து இரண்டு பக்கமும் போடலாமே தம்பி?" என்றேன். "அப்படிப் போட்டால் நடுவிலை ஒரே கிற்றாராத்தான் மாமா கேட்கும். இரண்டு தரம் வாசிச்சால்தான் அகலம் வரும். ஆனால் இரண்டும் ஒட்டோணும்" என்றான். 1951 இல் வெளிவந்து உலகைக் கலக்கிய 'ஹவ் ஹை த மூன்' பாடலை லெஸ் போல் இப்படித்தான் அடுக்கடுக்காகப் பதிந்தார். அவரது முறையில், கடைசி அடுக்கில் பிழைத்தால் முன்னைய அடுக்குகளும் சேர்ந்தே பாழாகும். இப்போது கணினியில் பிழைத்த இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கலாம். ஆனாலும் இவன் முழுவதையுமே திரும்ப வாசித்தான். பத்திரிகையில் ஒரு சொல் பிழைத்ததற்காக முழுப் பத்தியையும் திருப்பி எழுதும் மூத்த ஆசிரியர்களின் நினைவு வந்தது.

சிக்கல் தாளத்தில் வந்தது. மெற்றோனோம் நிமிடத்துக்கு 92 தட்டுகளில் ஓடியது. தொடக்கத்தில் அத்தான் அதனோடு ஒட்டிப் பாடினார். பாட்டு முடியும்போது அவரது வேகம் 97 ஆகியிருந்தது.

"அத்தான் எப்போதுமே கடைசியில் ஓட்டம் பிடிப்பார்" என்று சொல்லிச் சிரித்தேன். முப்பது வருடங்களாகச் சொல்லிவரும் பகிடி அது. நாடாவைப் போடும்போதெல்லாம் சொல்வேன். அவர் இருந்த காலத்தில் அவர் முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்ததில்லை.

மருமகன் சிரிக்கவில்லை. குரலின் சுருதியை அளந்து பார்த்தான். வேகம் ஏறிய அதே ஐந்து வீதம், அதே இடங்களில், சுருதியும் ஏறியிருந்தது. "பாடுறவர் ஓடினால் இரண்டும் இப்படி ஒரே அளவிலை ஏறாது மாமா. ரேப் றெக்கோடர்தான் வரவர மெதுவாய்ச் சுத்தியிருக்கு. மெதுவாய்ப் பதிஞ்சதைச் சரியான வேகத்திலை போட்டால் விரைவாய்க் கேட்கும். அப்ப பற்றறி இறங்கிப்போச்சோ?"

பற்றறியா! 1990 முதல் குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு அழுத்திவிட்டு, பெடலைச் சுற்றித்தான் வானொலியே கேட்டோம். அன்றிரவும் அப்படித்தான். பெடலைச் சுற்றியவன் நான். நான்காவது சரணத்தில் கைமாறிச் சுற்றியதும், தோள்மூட்டு எரிந்ததும் நினைவிருக்கின்றன.

சொன்னேன். அவன் சற்று நேரம் என்னையே பார்த்தான். பிறகு கணினிப் பக்கம் திரும்பி, சுருதியின் ஏற்றத்தை அளவுகோலாக வைத்து நாடாவின் வேகத்தைச் சிறிது சிறிதாக நிமிர்த்தினான். ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றிருக்கும். பின்னர் மெற்றோனோமைச் சேர்த்துப் போட்டான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் 92. ஓரிரு இடங்களில் மயிரிழை அளவு முன்பின். அவ்வளவே.

அக்காவை அழைத்தோம். படியிலேயே நின்று முழுவதையும் கேட்டார். "அவர் அப்பவும் சரியாய்த்தான் பாடினவர்" என்றார், என்னைப் பாராமலே. திரும்பி மேலே போய்விட்டார்.

இரவு பதினொரு மணிக்குக் கிற்றார் பதிவு தொடங்கியது. ஒலிவாங்கியில் இரைச்சல் விழும் என்று வெப்பமூட்டியை நிறுத்தியிருந்தோம். அறை குளிர்ந்தது. அவன் விரல்களை வாயருகே பிடித்து ஊதிச் சூடாக்கிக்கொண்டான். இடப்பக்கம் ஆறாவது முறையில் அமைந்தது. வலப்பக்கத்துக்குப் பதினொரு முறை வேண்டியிருந்தது. இரண்டும் ஒட்டிய பின் அப்பாவின் குரலைத் திறந்தான். தொடையில் விழும் தட்டும் தந்தியில் விழும் விரலும் ஒரே கணத்தில் கேட்டன.

குரலுக்கு அடியில் வேறொரு சத்தமும் இருந்தது. எண்ணெய் காணாத பெடலின் கிறீச்சு. இறுதியில் அதன் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"இதை எடுத்துவிடலாம் மாமா. எடுக்கவோ?"

"உன் விருப்பம்" என்றேன். அவன் எடுக்கவில்லை.