முதல் பைட் வரும்வரை

சென்னையில் ஒரு பதிப்பகத்தின் மாடி அறை. ஜனவரி புத்தகக் காட்சிக்கு இரண்டே வாரம். பதிப்பாளர் தன் இணையதளத்தைத் திறந்தார். வெள்ளைத் திரை. நான் டீயை இரண்டு மடக்கு குடித்த பிறகுதான் அட்டைப்படங்கள் தலைகாட்டின.

“பெரிய சர்வருக்கு மாறச் சொல்றாங்க தம்பி. வாடகை ரெண்டு மடங்கு.”

சரிபார்க்க வந்திருந்த தம்பி எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பக்கத்தைக் காட்டினார். படங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றரை செகண்டுதான். முதல் வரியில் மட்டும் நீளமாக ஒரு பச்சைக் கோடு: சர்வரிடமிருந்து முதல் பைட் வரவே 7 செகண்ட்.

“கேஷ் போட்டா சரியாகிடாதா?” என்றேன், அரைகுறை அறிவோடு.

“முகப்புக்கு ஆகும் சார். தேடுறவங்களுக்கும் கார்ட்ல புத்தகம் போட்டவங்களுக்கும் அதே ஏழு செகண்ட்தான்.”

முதலில் டேட்டாபேஸைப் பார்த்தார். மைஎஸ்க்யூஎல்லில் தாமதமான க்வெரிகளைக் குறித்துவைக்கும் ஸ்லோ க்வெரி லாக் காலியாக இருந்தது. தானாக அமைந்த வரம்பு 10 செகண்ட். அதைத் தாண்டாத எதுவும் அதில் ஏறாது. 1 செகண்ட் ஆக்கியதும் ஒரே க்வெரி திரும்பத் திரும்ப வந்து விழுந்தது: தளம் ஓடும் வேர்ட்பிரஸின் மெட்டா வேல்யூவில் எழுத்தாளர் பெயரைத் தேடுவது. அது எப்படி ஓடுகிறது என்று எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பார்த்தால், டைப் என்ற இடத்தில் ‘ஆல்’. ஒரு பெயருக்காக டேபிள் முழுவதையும் வரிவரியாகப் படிக்கிறது.

“பெயரடைவு போடாம அச்சடிச்ச மாதிரியா?” என்றார் பதிப்பாளர். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு இன்டெக்ஸை விளக்கியதில்லை.

மெட்டா வேல்யூவில் எவ்வளவு நீளமாகவும் எழுதலாம் என்பதால் முழுசுக்கும் இன்டெக்ஸ் போட முடியாது. முதல் 191 எழுத்துக்குப் போட்டார் தம்பி. அதென்ன 191? மைஎஸ்க்யூஎல்லின் பழைய இன்னோடிபியில் இன்டெக்ஸுக்கு 767 பைட்தான் வரம்பு. எழுத்துக்கு 4 பைட் வீதம் அவ்வளவுதான் அடங்கும். அதிலும், நாம் ஒன்றாக எண்ணும் ‘கொ’ அதற்கு இரண்டு. ஆனாலும் எந்த எழுத்தாளருக்கும் அவ்வளவு நீளப் பெயர் கிடையாது.

7 செகண்ட் ஒன்றுக்குள் வந்தது. டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூல் 128 எம்பியிலேயே கிடந்தது; அதை 1 ஜிபி ஆக்கினார். அப்புறம்தான் கேஷ்: முகப்பை வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் 5 நிமிடம் எடுத்து வைத்துக்கொண்டு தரும், கார்ட் குக்கி இருந்தால் ஒதுங்கிக்கொள்ளும்.

பதிப்பாளர் உடனே ஒரு நாவலின் விலையை 350-லிருந்து 300 ஆக்கினார். போனில் பார்த்தால் முகப்பில் அதே 350.

“அஞ்சு நிமிஷத்துல மாறிடும் சார்.”

“ஸ்டால்ல வாசகர் போனை நீட்டிக் கேப்பாரே தம்பி, அப்ப?”

விலையை மாற்றியதுமே அந்தப் பக்கத்தின் கேஷை மட்டும் அழிக்க வழி தேடி, தம்பி மறுபடி லேப்டாப்பை இழுத்துக்கொண்டார்.