ஆலிவாண்டர் கடையில் எத்தனை பேர் நிற்கலாம்?

ஒரு கடை சிறியதாயிருப்பது அழகா, குறையா? கதையில் வரும் கடையானால் அழகு. நாம் வெயிலில் வாசலில் காத்து நிற்கும் கடையானால் குறை. இரண்டும் ஒரே கடையாகிவிட்டால் என்ன செய்வது? கேட்பதற்கு விளையாட்டான கேள்விதான். ஆனால் அமெரிக்காவில் கேளிக்கைப் பூங்காக்களை நிர்மாணிக்கும் கெட்டிக்காரர்கள் எழுபது வருஷமாக இந்தக் கேள்வியோடு மல்லாடி வருகிறார்கள். இதுவரை அவர்கள் கண்டுபிடித்த விடைகளில் எதுவும் பூரண விடையாக எனக்குத் தோன்றவில்லை.

ஹாரி பாட்டர் கதையை அறியாத வீடு இன்று அபூர்வம். 1997ஆம் வருஷம் வெளியான முதல் புத்தகத்திலேயே ஆலிவாண்டர் என்னும் கிழவரின் மந்திரக்கோல் கடை வந்துவிடுகிறது. லண்டன் நகரத்தில் சாதாரண ஜனங்களின் கண்ணுக்குப் புலப்படாத டயகன் ஆலி என்ற சந்தில் அந்தக் கடை இருக்கிறது. குறுகலான, அழுது வடிகிற கடை. உட்காருவதற்கு ஒரே ஒரு நாற்காலி. உத்தரம் வரையில் அடுக்கிய நீளப் பெட்டிகள். பதினொரு வயதுப் பையன் ஹாரி உள்ளே நிற்கிறான். துணைக்கு வந்த ஹாக்ரிட்டைத் தவிர வேறு ஈ, காக்கை இல்லை. கிழவர் ஒவ்வொரு கோலாக அவன் கையில் கொடுக்கிறார்; கொடுத்த மாத்திரத்தில் பிடுங்கிக்கொள்கிறார். மனிதன் கோலைத் தேர்ந்தெடுப்பதில்லை, கோல்தான் மனிதனைத் தேர்ந்தெடுக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம். அந்தக் கட்டத்தின் உயிர் முழுவதும் கடையில் வேறு கூட்டம் இல்லை என்பதில் அடங்கியிருக்கிறது. தாயும் தகப்பனும் இல்லாமல், மாடிப்படிக்கு அடியில் படுத்துறங்கிய ஒரு பிள்ளைக்காக முதல் தடவையாக ஒரு கடைக்காரர் நேரம் ஒதுக்குகிறார். கடையை நாலு மடங்கு பெரிதாக்கி, நாற்பது பேரை உள்ளே விட்டால் அது வேறு கதையாகிவிடும்.

இந்தக் கடையை நிஜமாகவே கட்டுவது என்று யூனிவர்ஸல் கம்பெனியார் துணிந்தார்கள். ப்ளோரிடா மாகாணத்தில் ஆர்லாண்டோ நகரத்தில் இருக்கும் அவர்களுடைய பூங்காவில், ஹாக்ஸ்மீட் என்ற மந்திரவாதிகளின் கிராமம் 2010 ஜூன் 18ந் தேதி திறக்கப்பட்டது. சினிமாப் படங்களுக்கு அரங்க நிர்மாணம் செய்த ஸ்டூவர்ட் கிரெய்க் என்பவரே இதற்கும் ஆலோசனை சொன்னார். ஆகவே கட்டடங்கள் படத்தில் கண்டது போலவே அமைந்தன. ஆனால் சினிமா அரங்கத்துக்கும் பூங்காக் கடைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சினிமாவில் நாலாவது சுவர் வேண்டியதில்லை. அங்கே காமிரா நின்றுகொள்ளும். பூங்காவில் நாலு சுவரும் வேண்டும், தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும், போகிறவர்களும் வருகிறவர்களும் முட்டிக்கொள்ளாமல் இருக்க இடம் வேண்டும். இத்தனைக்கும் பிறகு அது குறுகலான கடையாகத் தோன்றவும் வேண்டும்!

கதைப்படி ஆலிவாண்டர் கடை ஹாக்ஸ்மீடில் இல்லை. அதை ஒரு கிளைக்கடை என்று சொல்லி, எப்படியோ கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஒரு தடவைக்கு இருபது, இருபத்தைந்து பேரை அறைக்குள் விடுவார்கள். கடைக்காரர் அவர்களில் ஒருவரை, அநேகமாக ஒரு குழந்தையை, அழைத்துக் கோல்களைக் கையில் கொடுப்பார். முதல் கோல் பொருந்தாமல் ஏதாவது விபரீதம் நேரும், இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் விளக்கு பிரகாசிக்கும், சங்கீதம் கேட்கும். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆசிரியைத் தொழில் என்னைக் கணக்குப் போடாமல் விடுவதில்லை. ஒரு காட்சிக்கு ஆறு நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், மணிக்குப் பத்துக் காட்சி, இருநூற்றைம்பது பேர். பூங்கா பன்னிரண்டு மணி நேரம் திறந்திருந்தால் மூவாயிரம் பேர். அந்தப் பூங்காவுக்கு 2009ல் வந்தவர்கள் சுமார் 46 லட்சம் என்றும், மந்திரக் கிராமம் வந்த பிறகு 2011ல் சுமார் 76 லட்சம் என்றும் இத்துறையினர் மதிப்பிட்டிருக்கிறார்கள். 76 லட்சம் என்பது நாளொன்றுக்குச் சராசரி இருபதாயிரத்துக்கு மேல். ஆகவே ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் காட்சி நடத்தினாலும் ஏழு பேரில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். போனவர்களில் இருபத்தைந்து பேருக்கு ஒருவர் கையில்தான் கோல் விளக்கேற்றும்.

மீதி ஆறு பேர் யார் என்பதுதான் என் கவலை. ஆர்லாண்டோவிலேயே குடியிருப்பவர்கள் இன்று இல்லாவிட்டால் அடுத்த மாதம் வந்துகொள்வார்கள். ஆனால் இம்மாதிரி இடங்களுக்கு வருகிறவர்களில் பலர் ஆயுளில் ஒரு தடவை வருகிறவர்கள். இரண்டு மூன்று வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து, பிள்ளைகளிடம் "போகலாம், போகலாம்" என்று சொல்லிக் கடைசியில் அழைத்து வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒரு பகல். அதில் இரண்டு மணி நேரத்தை ஒரு கடை வாசலில் செலவழிப்பதா என்பது லேசான கேள்வி அல்ல. கடை கதைக்கு விசுவாசமாயிருப்பதற்கு உண்டான விலையை வெளியே நிற்கிறவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

வால்ட் டிஸ்னி 1955ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்தபோதே இதற்கு ஒரு தந்திரம் செய்துவிட்டார். வாசலைக் கடந்ததும் மெயின் ஸ்ட்ரீட் என்று ஒரு கடைத்தெரு வரும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிற்றூர்கள் இருந்த மாதிரி அதைக் கட்டினார். மாடிகள் மேலே போகப் போகச் சிறுத்திருக்கும். ஆதலால் கட்டடம் உண்மையில் உள்ளதைவிட உயரமாகத் தோன்றும். வெளியிலிருந்து பார்த்தால் அடுத்தடுத்துத் தனித்தனிக் கடைகள். ஒன்றுக்குச் சிவப்புச் செங்கல், இன்னொன்றுக்கு மஞ்சள் வர்ணம். ஒரு கடையில் நுழைந்து நடந்தால் வெளியே வராமலேயே இன்னொரு கடையில் இருப்போம்! உள்ளே பல இடங்களில் சுவரே கிடையாது. முகங்கள் பல, வயிறு ஒன்று. ஹாக்ஸ்மீடிலும் இதைக் கையாண்டிருக்கிறார்கள். கோல் கடை, ஆந்தைத் தபாலாபீஸ், அடுத்த சாமான் கடை ஆகிய மூன்றும் வெளியே மூன்று, உள்ளே ஒன்று.

இது பொய்தான். ஆனால் எனக்கு இந்தப் பொய்யின்மேல் கோபம் வருவதில்லை. தெருவில் நிற்பவனுக்குத் தெரு வேண்டும். வாங்க நுழைந்தவனுக்கு இடம் வேண்டும். இருவருக்கும் வேண்டியது கிடைத்துவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது 2001ல் நடந்த காரியத்தின் மேல். டிஸ்னியாரின் ப்ளோரிடாப் பூங்காவிலும் இதே மெயின் ஸ்ட்ரீட் உண்டு. அதன் மேற்புறத்தில் பூக்கடையோடு ஒரு சிறு சந்து கிளைத்துச் சென்றது. அங்கே விற்பனை அதிகம் நடக்கவில்லை; வந்தவர்கள் சற்று ஒதுங்கி மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். எம்போரியம் என்ற பெரிய கடையை இன்னும் பெரிதாக்க வேண்டி அந்தச் சந்தை அடைத்துக் கட்டிவிட்டார்கள். கூட்டத்துக்கு இடம் செய்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் எந்தத் தெருவைக் காண்பதற்காகக் கூட்டம் வந்ததோ அந்தத் தெருவிலேயே ஒரு துண்டை வெட்டி அல்லவா இடம் செய்தார்கள்? பாரிஸுக்கு அருகில் 1992ல் திறந்த பூங்காவில் புத்தியாக ஒன்று செய்திருந்தார்கள். கடை வரிசையின் பின்புறமாக, இரு பக்கத்திலும் மேற்கூரையுள்ள நடைபாதை ஒவ்வொன்று. மழை பெய்தாலும் சரி, தெருவில் ஊர்வலம் போனாலும் சரி, ஜனங்கள் பின்வழியாகப் போய் வரலாம். தெருவுக்கு ஒரு காயமும் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. அது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. 2019ல் டிஸ்னியார் விண்வெளிக் கதையை ஒட்டி ஒரு சந்தை கட்டினார்கள். அங்கே ஒளிவாள் செய்து தரும் பட்டறை ஒன்று. ஒரு தடவைக்கு வாள் செய்கிறவர்கள் பதினாலு பேர்தான். முன்னதாகவே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் விலை 199 டாலர், வரி தனி. கூட்டமே கிடையாது, பார்த்தவர்கள் எல்லோரும் அற்புதம் என்கிறார்கள். அற்புதமாய்த்தான் இருக்கும். வாசலில் வெயிலுக்குப் பதிலாக விலையை நிறுத்திவிட்டால் எந்தக் கடையும் அமைதியாகத்தான் இருக்கும்.

யூனிவர்ஸல் கம்பெனியார் 2014 ஜூலை 8ந் தேதி பக்கத்துப் பூங்காவில் டயகன் ஆலியையே திறந்தபோது, ஆலிவாண்டர் கடையை அதற்குரிய சந்தில் மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை அறையைப் பெரிதாக்கவில்லை. அதே போன்ற சிறிய அறைகளைப் பலவாகக் கட்டிவிட்டார்கள். ஒரு கூட்டம் ஓர் அறையில் இருக்கும்போது இன்னொரு கூட்டம் அடுத்த அறையில் இருக்கும், ஒருவருக்கொருவர் தெரியாது. விற்பனைக் கூடம் மட்டும் தனியாக விசாலமாக இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெருகினால் நாங்கள் செய்வதும் இதுதானே? வகுப்பை நீட்டுவதில்லை, 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு என்று பிரிக்கிறோம். நூறு பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் பேசலாம்; ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது.

சென்ற வருஷக் கோடை விடுமுறையில் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, நாங்கள் அந்தக் கடைக்குப் போனோம். தம்பி மகளுக்கு ஒன்பது வயது. என் தாயாருக்கு எழுபத்து நாலு. முழங்கால் உபாதையால் அதிக தூரம் நடக்க முடியாது, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். கதையில் வருகிற மாதிரியே கடை இருந்திருந்தால் அம்மா வாசலோடு நின்றிருக்க வேண்டியதுதான். தரையைப் பார்த்தேன். கல் பாவிய பழைய தெரு போலத் தோன்றிற்று. சக்கரம் எங்கேயும் இடறவில்லை. வாசற்படி இல்லை. அமெரிக்காவில் 1990ல் செய்த மாற்றுத் திறனாளிகள் சட்டத்தை ஒட்டிய விதிகளின்படி வழி 36 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கதவு திறந்தால் 32 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். மந்திரவாதியின் கடையானாலும் இந்த அங்குலத்துக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். கதையின் ஆசிரியை எழுதாத அங்குலங்கள் இவை. இவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்து, இடம் குறுகல் என்று நம்மை நினைக்கச் செய்த தச்சனுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று தோன்றிற்று.

அறைக்குள் அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, அடியில் இருக்கிற பெட்டியை உருவினால் மேலே இருக்கிறதெல்லாம் தலையில் விழாதோ?" என்று என்னிடம் கேட்டாள். பக்கத்திலிருந்த தம்பி மகள், "பாட்டி, பேசாமல் பார்!" என்று கிசுகிசுத்தாள். அவளுக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. கடைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்கு அடுத்து நின்ற, அவளைவிடச் சிறிய ஒரு பையனை அழைத்தார். பையன் கோலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை, அவன் முஷ்டியை மெதுவாகப் பிரித்து, கோலைத் திருப்பி வைத்தார். அதற்கு அவர் அவசரப்படவே இல்லை. வெளியில் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் உள்ளே இருந்த எங்களுக்கு அது தெரியவில்லை.

காட்சி முடிந்ததும் கதவு திறந்து விற்பனைக் கூடத்துக்கு வந்தோம். தேர்ந்தெடுக்கப்பட்ட பையனுடைய தகப்பனாரும் பணம் கொடுத்துத்தான் அந்தக் கோலை வாங்கினார். இதைச் சிலர் குறை சொல்கிறார்கள். ஹாரி பாட்டரும் ஏழு தங்கக் காசு எண்ணிக் கொடுத்துத்தானே வாங்கினான்? இந்த ஒரு விஷயத்தில் கம்பெனியார் புத்தகத்துக்கு முழு விசுவாசமாயிருக்கிறார்கள்.

தம்பி மகளும் தனக்கு ஒரு கோல் வாங்கிக்கொண்டாள். 2014லிருந்து விற்கும் ஒருவகைக் கோலின் நுனியில் சிறு பிரதிபலிப்புக் கண்ணாடி இருக்கிறது. தெருவில் குறிப்பிட்ட ஜன்னல்களுக்கு எதிரே நின்று, தரையில் பதித்த தகட்டில் காட்டியபடி அதைச் சுழற்றினால், ஜன்னலுக்குள் மறைத்து வைத்த காமிரா கண்ணுக்குப் புலப்படாத ஒளியில் அதன் ஓட்டத்தை அறிந்துகொள்கிறது. உடனே உள்ளேயிருக்கும் பொருள் அசைகிறது, விளக்கு எரிகிறது, தண்ணீர் பீறிடுகிறது. கடைக்குள் ஒருவருக்கு மட்டும் நடந்த அற்புதம் இப்படித் தெருவில் எல்லோருக்கும் நடக்கிறது. கோலை வாங்கியவர்கள் கடையை விட்டு வெளியேயும் போய்விடுகிறார்கள். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடித்தவன் எவனோ, அவன் சாமர்த்தியசாலி.

முதல் ஜன்னலுக்கு முன்னால் எங்களுக்கு முன்பாகப் பதினொரு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன். அம்மாவின் நாற்காலியை ஓரமாக நிழலில் நிறுத்திவிட்டு, தம்பி மகளோடு நானும் அந்த வரிசையில் பன்னிரண்டாவது இடத்தில் நின்றுகொண்டேன்.