தும்லிங்கில் ஓர் இரவு, காலிபோக்ரியில் ஓர் இரவு

ஞாயிறு, மானேபஞ்சன்

திருப்பாச்சூரில் அடைமழை. பூண்டி ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வந்திருக்கிறது என்று ஊரே விசாரிக்கும் நவம்பரில்தான் கிழக்கு இமயமலையில் வானம் தெளிந்திருக்கும். காக்களூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருக்கும் அண்ணனும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் அவருடைய சித்தப்பா மகனான தம்பியும் தீபாவளி லீவோடு சில நாள் சம்பளத்தையும் விட்டுக்கொடுத்து ரயிலேறினார்கள். ஹவுரா வழியாக நியூ ஜல்பைகுரி, அங்கிருந்து ஷேர் ஜீப்பில் மானேபஞ்சன்.

மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான சந்தக்பூவுக்கு இங்கிருந்துதான் பாதை. தூரம் 31 கிலோமீட்டர். சிங்கலிலா தேசியப் பூங்காவுக்குள் நடப்பதற்கு நுழைவுச்சீட்டு வேண்டும், உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம். கடைத்தெருவில் 1950களின் லேண்ட்ரோவர்கள் நின்றிருந்தன. அவற்றைப் பார்த்ததும் தம்பிக்கு ஆசை. “ஜீப்லயே போயிடலாமேண்ணே. சாயங்காலம் மேல நிக்கலாம்.”

வழிகாட்டி சம்மதிக்கவில்லை. மானேபஞ்சன் இருப்பது சுமார் 2,000 மீட்டரில், சந்தக்பூ 3,636 மீட்டரில். காலையில் இங்கே டீ குடித்துவிட்டு ராத்திரி அங்கே போய்ப் படுத்தால், அந்த உயரத்துக்குப் பழக உடம்புக்கு நேரமே கிடைக்காது.

திங்கள், தும்லிங்

தமிழ்நாட்டில் தொட்டபெட்டாவைவிட உயரமான இடம் கிடையாது. அது 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். தும்லிங்கின் தகரக்கூரை வீடுகள் ஏறக்குறைய 2,970 மீட்டரில் இருக்கின்றன. நம் பக்கத்துச் சிகரம் எதில் ஏறியவருக்கும் இந்த ஊரில் படுப்பது புதிய உயரம்தான்.

பாதை இந்திய–நேபாள எல்லையை ஒட்டியே போகிறது. தும்லிங் நேபாளத்துக்குள் இருக்கிறது. நடுவே வேலி எதுவும் இல்லை, ஆங்காங்கே எல்லைக் காவல் படையினர் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதோடு சரி.

தங்கிய குடிலில் பலகைச் சுவர். பக்கத்து அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் இங்கே கேட்கும். கட்டிலுக்கு இரண்டு கனத்த ரஜாய். குளிக்க யாரும் நினைக்கவில்லை. இருட்டியதும் எல்லோரும் விறகடுப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, முள்ளங்கி ஊறுகாய். சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வந்தன.

குடிலை நடத்தும் அம்மாவை எல்லோரும் “தீதி” என்றே கூப்பிட்டார்கள். கரண்டியோடு சுற்றி வந்தவர் முகங்களைப் பார்க்கவில்லை, தட்டுகளைத்தான் பார்த்தார். தம்பி தட்டில் சோறு பாதிக்குமேல் அப்படியே இருந்தது. தீதி நின்றுவிட்டார். “தலை வலிக்கிறதா? குமட்டுகிறதா?” என்று இந்தியில் கேட்டார். தலைவலியும் பசியின்மையும்தான் மலைநோயின் முதல் அறிகுறிகள் என்று மருத்துவ நூல்களும் சொல்கின்றன. தம்பிக்கு வெறும் களைப்புதான். பூண்டு சூப் ஒரு கிண்ணம் வந்தது, அவன் குடித்து முடிக்கும்வரை தீதி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று இன்னொரு விருந்தாளி கேட்டார். ஒரேயடியாக மறுத்துவிட்டார் தீதி. கதவடைத்த அறையில் கரி கனன்றால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். ரஜாய் வேண்டுமானால் இன்னொன்று தருகிறேன் என்றார்.

செவ்வாய், காலிபோக்ரி

ஏறிய உயரத்தில் ஒரு பகுதியைக் கைரிபாஸுக்கு இறங்கித் தொலைத்துவிட்டு, மூங்கிலும் ரோடோடென்ட்ரானும் அடர்ந்த காட்டில் மறுபடி ஏற வேண்டும். செம்பாண்டா வாழும் காடு இது. கண்ணில் படவில்லை. “பிஸ்தாரை, பிஸ்தாரை” (மெல்ல, மெல்ல) என்று வழிகாட்டி நிதானமாகவே நடத்திக் கூட்டிவந்தார். காலிபோக்ரியின் கறுப்புக் குளத்தங்கரையில், 3,186 மீட்டரில் அன்றைய படுக்கை.

நள்ளிரவில் அண்ணன் விழித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் தம்பியின் மூச்சு வேகமாக ஓடி, மெல்லத் தணிந்து, சில நொடி நின்றே போனது. பிறகு மறுபடி தொடங்கியது. உயரத்தில் தூங்குகிறவர்களுக்கு இப்படி ஆவது சாதாரணம். தூக்கத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் இன்னும் குறைவதால், பகலில் எட்டிய உயரத்தைவிட இரவில் படுக்கும் உயரத்தைத்தான் மலை மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். 3,000 மீட்டரைத் தாண்டினால் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டாதீர்கள் என்பது அவர்கள் விதி. காலிபோக்ரியிலிருந்து சந்தக்பூவுக்கு 450 மீட்டர்தான். இந்தக் கணக்குக்கு இடம் கொடுப்பவை வழியிலுள்ள குடில்கள்தான். அவை இல்லாவிட்டால் கூடாரம் சுமக்க வேண்டும், அல்லது ஒரே மூச்சில் ஏற வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் கிளப் 1863இல் தொடங்கிய அதே ஆண்டில் தன் முதல் மலைக்குடிலைக் கட்டியது. இன்று அதனிடம் 150க்கும் மேற்பட்ட குடில்கள். சிங்கலிலாவிலோ தனித்தனிக் குடும்பங்கள் தம் வீட்டையே திறந்துவிட்டு இந்த வேலையைச் செய்கின்றன. அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை போதாது.

புதன், சந்தக்பூ

கடைசி ஏற்றம் செங்குத்து. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. கம்ப்ரஸர் கேஜைப் பார்த்தே வேலைநாளைக் கழிக்கும் ஃபிட்டருக்கு அந்தக் கணக்கு நெஞ்சிலேயே தெரிந்தது. தண்ணீர் இங்கே 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக பிரஷர் குக்கர் இல்லாமல் முடியாது.

வடக்கே கஞ்சன்ஜங்கா, வடமேற்கே எவரெஸ்ட், லோட்சே, மக்காலு. உலகின் உயர்ந்த ஐந்து சிகரங்களில் நான்கு ஒரே பார்வையில். எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணித்த இந்திய நில அளவைப் பணி 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கியது என்று அண்ணன் சொன்னபோது தம்பி நம்பவில்லை. உண்மைதான் அது.

அன்று ஜீப்பில் வந்திறங்கிய ஒருவர் சாயங்காலமே வாந்தியெடுத்துத் தள்ளாடினார். குடில்காரர்கள் விடியும்வரை காத்திருக்க விடவில்லை, உடனே கீழே அனுப்பினார்கள். மலைநோய்க்கு நம்பகமான மருத்துவம் இறங்குவதுதான்.

நம் பக்கமிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை பூங்கா மூடியிருக்கும், அதற்கேற்ப லீவு போடுங்கள். மிச்சம் பிடிக்க நினைத்தால் வேறு எதிலாவது பிடியுங்கள், வழிக்குடில்களில் தங்கும் இரண்டு இரவுகளில் கை வைக்காதீர்கள். சோறு இறங்கவில்லை என்றால் அதை மறைக்காமல் தீதியிடம் சொல்லிவிடுங்கள்.