ஐந்து வேட்டிகளின் வெண்மை

மனித உருவத்தைக் கண்ணுக்குத் தெரிந்தபடியே வரையாமல், அதன் கோடுகளை நீட்டியும் குறைத்தும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரும் முறை ஒயிலாக்கம் எனப்படும். அத்தகைய ஓவியத்தை விளக்க முற்படுவோர், முகத்தைக் கண்டவுடன் அதற்கோர் உணர்ச்சியைப் பெயராகச் சூட்டிவிடும் பழக்கத்தை விட்டொழிப்பதிலேயே பாதித் தொழிலைக் கற்றுவிடுகின்றனர்.

பாரிசில் பயின்று 1934இல் இந்தியா திரும்பிய அம்ரிதா ஷெர்கில், தென்னகப் பயணத்தை முடித்து 1937இல் தைலவண்ணத்தில் தீட்டிய ‘பிரம்மச்சாரிகள்’ புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. செம்பழுப்புப் பின்புலத்தில் வெற்றுமார்பும் பூணூலும் வேட்டியுமாக ஐந்து இளைஞர்கள் இருக்கும் இவ்வோவியத்தைச் சோகம் என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிடுவோர் பலர். கண்ணைச் சற்றே சுருக்கிப் பார்த்தால் மூக்கும் விழியும் மங்கி, கருமேனிகளின் திரட்சியும் வேட்டிகளின் வெளிச்சமும் மட்டும் எஞ்சும். அச்சுப்படியில் ஓர் உருவத்தை உள்ளங்கையால் மறைத்தால், மற்ற நால்வரும் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பது புலப்படும். உருவங்களைத் தாங்கி நிற்கும் இந்த எடைக்கட்டைக் கண்டறியாமல் பொருள் சொல்லத் தொடங்குவது, அடித்தளம் பாராமல் வீட்டை விலைபேசுவதற்கு ஒப்பாகும்.

அவ்வேட்டிகள் ஐந்தும் ஒரே வெள்ளையல்ல. ஒன்றில் நீலச்சாயல், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பழுப்பு எனத் துணிதோறும் வெண்மை மாறுவதைக் காண நிதானம் வேண்டும். போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களில் இப்பார்வை புதிதன்று. ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்கள், பிறர் கண்ணுக்குப் பச்சை என்ற ஒன்றாகவே தெரிவதில், கரும்பச்சையையும் வெளிர்ப்பச்சையையும் வெளுத்த காயையும் விரல் நிற்காமலே பிரித்துவிடுகின்றனர். வண்ணம் படிப்பதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எந்தக் கலைப்பள்ளியிலும் கிடைப்பதரிது.

இந்த உருவங்களின் நீட்சிக்கும் தட்டையான வண்ணப்பரப்புக்கும் பிரெஞ்சு ஓவியர் கோகானை மட்டுமே காரணம் காட்டுவது குறையுள்ள விளக்கமாகும். அஜந்தா குகைகளையும் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களையும் அப்பயணத்தில் ஷெர்கில் ஆழ்ந்து நோக்கியிருந்தார். நிழல் விழாத மேனியும் கோட்டால் அடைபட்ட விழியும் அங்கு நெடுங்காலமாக இருந்தவை. போடி ஜமீன் அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களைக் கண்டு பழகியவருக்கு அவை உருக்குலைவாகத் தோன்றுவதில்லை.

இவ்வளவும் பார்த்த பின்னரே ஓவியத்தின் அசைவற்ற முகங்களுக்கு வருதல் தகும். விடியுமுன் ஏலத்தோட்டத்து ஜீப்பை எதிர்பார்த்துத் தூக்குவாளியுடன் நிற்கும் பெண்களின் முகத்திலும் அதே அசைவின்மை உண்டு; அதைச் சோகம் என்று ஊரார் எவரும் சொல்வதில்லை. நாளின் உழைப்புக்காக உடல் தன்னைச் சேமித்து வைத்திருக்கும் நிலை அது. பிரம்மச்சாரிகளின் தாழ்ந்த இமைகளிலும் அத்தகைய ஒரு சேமிப்பே தெரிகிறது.